உள் அலங்கார வடிவமைப்புப் படிப்புக்கு 14 லட்சம் கடன் வாங்கலாமா?

கேள்வி: திண்டுக்கல்லில் ஒரு தனியார் நூற்பாலையின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வயது 52, 58-இல் ஓய்வு. மாதச் சம்பளம் 72,000 ரூபாய். செலவு போக 10,000 மிஞ்சும். பிளஸ் 2 வணிகவியல் பிரிவில் தேறிய என் மகள் இன்டீரியர் டிசைன்தான் படிப்பேன் என்கிறாள். சென்னை அருகே ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் நான்காண்டு பி.டெஸ். படிப்புக்கு ஆண்டுக் கட்டணம் 3.5 லட்சம், விடுதிக்கு 1.3 லட்சம். சென்னையிலேயே ஒரு மகளிர் கல்லூரியின் மூன்றாண்டு பி.எஸ்சி. படிப்புக்குக் கட்டணம் 70,000, விடுதிக்கு ஒரு லட்சம். அங்கும் இடம் கிடைத்திருக்கிறது. பல்கலைக்கழகத்தில் முன்பணமாக 50,000 கட்டிவிட்டேன். வங்கி வைப்பில் 9 லட்சமும், மகளுக்காகச் சேர்த்த 30 பவுன் நகையும் உள்ளன. கல்விக் கடன் வாங்குவதா, நகையை அடகு வைப்பதா, பி.எஃப். பணத்தை எடுப்பதா?

பதில்: பணத்தை எங்கிருந்து எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன், இந்தத் துறையில் படித்து வெளிவருபவரின் முதல் மூன்று நான்கு ஆண்டுகள் எப்படி இருக்கும் என்பதைப் பார்த்துவிடுவது நல்லது. கடனின் அளவை அதுதான் தீர்மானிக்க வேண்டும்.

சென்னையிலும் கோவையிலும் புதிதாகச் சேரும் வடிவமைப்பாளருக்கு மாதம் 15,000 முதல் 25,000 வரை சம்பளம் கிடைப்பதே வழக்கம். பெரும்பாலும் கூடுதலாகத் தருவது மாடுலர் கிச்சன் விற்கும் பெரிய நிறுவனங்கள். அங்கே வேலையின் பெரும்பகுதி விற்பனை இலக்கை எட்டுவதாகவே இருக்கும். தொழிலைக் கற்றுத்தரும் இடங்களோ ஐந்தாறு பேர் வேலை செய்யும் சிறு ஸ்டுடியோக்கள். தச்சரிடம் வரைபடத்தை விளக்குவது, பிளைவுட் கடையில் விலை பேசுவது, ஃபால்ஸ் சீலிங்குக்கும் ஏசி குழாய்க்கும் இடையே இடம் ஒதுக்குவது எல்லாம் அங்கேதான் கைவரும். ஆனால் அவற்றில் சம்பளம் குறைவு. மாதத் தவணை கழுத்தை நெரித்தால் உங்கள் மகளால் அப்படியோர் இடத்தில் சேர முடியாது. அதிகச் சம்பளம் தரும் முதல் வேலையை ஏற்றுக்கொண்டு அங்கேயே தங்கிவிட நேரும்.

இப்போது கணக்குக்கு வருவோம். நான்காண்டுக் கட்டணமான 14 லட்சத்தை ஆண்டுக்கு 3.5 லட்சமாக 10 விழுக்காடு வட்டியில் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை என்றாலும், அந்த ஐந்தாண்டுகளில் சேரும் தனிவட்டி மட்டும் ஏறக்குறைய 4.9 லட்சம் ஆகும். 18.9 லட்சத்தைப் பத்தாண்டுகளில் அடைக்க மாதம் சுமார் 25,000 ரூபாய் கட்ட வேண்டும். அதாவது மகளின் முதல் சம்பளம் முழுவதும் அதற்கே போய்விடும். தவணை தொடங்கும்போது உங்களுக்கு வயது 57; அடுத்த ஆண்டு ஓய்வு. 7.5 லட்சத்துக்கு மேற்பட்ட கல்விக் கடனுக்கு வங்கிகள் பொதுவாகச் சொத்துப் பிணையும் கேட்கும் என்பதால், வீட்டுப் பத்திரமும் வங்கிக்குப் போகக்கூடும். விடுதிச் செலவான 5.2 லட்சத்தை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை.

கல்விக் கடன் வட்டிக்கு வரிச் சலுகை உண்டே என்று யாரேனும் சொல்லியிருப்பார்கள். அந்தக் கழிவு பழைய வரி முறையில் மட்டுமே கிடைக்கும். புதிய முறையில் உங்கள் வருமானத்துக்கு வரியே வராது என்பதால் அதனால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. பிரதமரின் வித்யாலட்சுமி திட்டத்தின் 3 விழுக்காடு வட்டி மானியமும் குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கே, உங்களுடையது 8.64 லட்சம்.

நகையை அடகு வைத்தால் ஓராண்டில் மீட்கவோ புதுப்பிக்கவோ வேண்டியிருக்கும். நான்காண்டுப் படிப்புக்கு அது ஒத்துவராது. பி.எஃப். பணத்தைத் தொடாதீர்கள். ஓய்வுக்கு ஆறு ஆண்டுகளே இருக்கும் நிலையில், எடுத்ததைத் திரும்பச் சேர்க்க உங்களுக்குக் காலம் இல்லை.

ஆகவே மூன்றாண்டு பி.எஸ்சி. படிப்பையே பரிந்துரைக்கிறேன். கட்டணமும் விடுதியும் 5.1 லட்சம், நல்ல கிராபிக்ஸ் கார்டு உள்ள மடிக்கணினிக்கு 90,000, மாதிரி செய்யும் ஃபோம் போர்டு, ஏ1 அளவு அச்சுப்படிகள், பயணம் ஆகியவற்றுக்கு ஆண்டுக்கு 40,000. எல்லாம் சேர்ந்து 7.2 லட்சம். இதில் பாதியை, அதாவது 3.6 லட்சத்தை, நீங்கள் மாதம் மிச்சப்படுத்தும் 10,000 மூன்றாண்டுகளில் ஈடுகட்டிவிடும். மீதியை வைப்பிலிருந்து எடுத்தாலும் 5.4 லட்சம் கையில் இருக்கும். அதில் 2 லட்சத்தைப் படிப்பு முடிந்த பின் மகளின் வாடகைக்கென்று தனியே ஒதுக்குங்கள். குறைந்த சம்பளத்தில் நல்ல ஸ்டுடியோவில் இரண்டாண்டு பழகுவதற்கான முதலீடு அது. மென்பொருளுக்கென்று யாரும் பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்: ஆட்டோகேட், ரெவிட், த்ரீடிஎஸ் மேக்ஸ் மூன்றையும் அவற்றைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் நிறுவனமே மாணவர்களுக்கு இலவசமாகத் தருகிறது.

பட்டத்தின் பெயரால் எதிர்காலம் அடைபடுமோ என்ற அச்சம் இருக்கலாம். கட்டடக் கலைஞர்களுக்கு 1972-ஆம் ஆண்டுச் சட்டமும் பதிவு மன்றமும் இருக்கின்றன. உள் அலங்கார வடிவமைப்பாளருக்கு இந்தியாவில் அப்படிப்பட்ட கட்டாயப் பதிவு கிடையாது. வாடிக்கையாளர் பார்ப்பது முடித்துக்கொடுத்த வீடுகளை. மேற்படிப்பு வேண்டுமென்றால், எம்.டெஸ். சேர்க்கைக்காக மும்பை ஐஐடி நடத்தும் சி.இ.இ.டி. தேர்வை மூன்றாண்டுப் பட்டம் பெற்றவரும் எழுதலாம். அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் இடம் கிடைத்திருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். கட்டணம் மிகுதி என்பதாலேயே ஒரு பல்கலைக்கழகம் அந்தத் தரத்துக்கு வந்துவிடாது.

மகளிர் கல்லூரியையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டாம். மகளுடன் நேரில் போய், இறுதியாண்டு மாணவி ஒருவர் வரைந்த அலமாரியின் வேலை வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள். அதில் 18 மி.மீ. பிளைவுட், அதன்மேல் ஒட்டும் லேமினேட், கீல் வரும் இடம், இரண்டடி ஆழம் ஆகியவை அளவுகளோடு குறிக்கப்பட்டிருந்தால் அங்கே பாடம் நடக்கிறது. கணினியில் செய்த பளபளப்பான வரவேற்பறைப் படத்தை மட்டும் காட்டினால், யார் பாடம் நடத்துகிறார்கள், பயிற்சிப் பணிக்கு எங்கே அனுப்புகிறார்கள் என்று துருவிக் கேளுங்கள். சென்ற ஆண்டு படித்து முடித்த இரண்டு பேருடனாவது பேசிவிடுங்கள். சிற்றேட்டில் அச்சிட்ட வேலைவாய்ப்பு விழுக்காட்டைவிட அது நம்பகமானது.

பின்னாளில் மகள் தனியாகத் தொழில் தொடங்கினால் ஒரு வசதியும் உண்டு. வருமான வரிச் சட்டம் உள் அலங்காரத்தை மருத்துவம், வழக்கறிஞர் தொழில் ஆகியவற்றோடு ஒரே வரிசையில் வைத்திருக்கிறது. ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள் இருக்கும்வரை, விரிவான கணக்கேடுகள் இல்லாமலே அதில் பாதியை வருமானமாகக் காட்டி வரி கட்டலாம். வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு எடுக்க வேண்டும். கணக்குப் பிரிவில் இருக்கும் உங்களுக்கு இவற்றை நான் விளக்க வேண்டியதில்லை.

அவசரமாகச் செய்ய வேண்டியது அந்த 50,000 ரூபாயைத் திரும்பப் பெறுவது. பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் வெளியிட்ட அறிவிப்பின்படி, சேர்க்கைக்கு அறிவிக்கப்பட்ட கடைசி நாளுக்கு 15 நாள்களோ அதற்கு மேலோ முன்னதாக விலகினால், 5,000 ரூபாய்க்கு மிகாத நடைமுறைக் கட்டணம் போக முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். தாமதமாக ஆகப் பிடித்தம் கூடிக்கொண்டே போகும். கல்லூரியைப் பார்த்து முடிவெடுத்த அன்றே, விலகுவதாக மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் எழுதி, கட்டண ரசீதின் நகலை இணைத்து அனுப்பிவிடுங்கள்.