‘சார் நல்லா நடத்துறாரா?’ என்று கேட்காதீர்கள்

சேலத்துக் கல்லூரி ஒன்றில் 31 வருடம் புள்ளியியல் நடத்திவிட்டு, இப்போது அஸ்தம்பட்டி வீட்டில் மாமரத்துக்கும் அணில்களுக்கும் நடுவே பஞ்சாயத்து செய்துகொண்டிருக்கிறேன். இரண்டு இதழுக்கு முன்னால் இந்தப் பகுதியில், கல்லூரிகள் மாணவர்களிடம் வாங்கும் ஃபீட்பேக் ஃபார்மைப் பற்றிப் போகிறபோக்கில் நாலு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்கள் ஒரு மஞ்சள் பை நிறைய. ஆகவே இந்த முறை முழுக்க அதுதான்.

கே: போன செமஸ்டர் ஃபீட்பேக்கில் எனக்கு 5க்கு 3.9. பக்கத்து வகுப்பு எடுப்பவருக்கு 4.6. அவர் நோட்ஸ் சொல்லி எழுதவைத்துவிட்டுக் கிளம்புகிறவர். துறைக் கூட்டத்தில் ஹெச்ஓடி (துறைத் தலைவர்) எல்லார் மார்க்கையும் சத்தமாக வாசித்தார். இரண்டு நாள் தூக்கமில்லை. நான் அவ்வளவு மோசமா மேடம்?
– உதவிப் பேராசிரியர், ஆத்தூர்

ப: எத்தனை பேர் ஃபார்ம் கொடுத்தார்கள் என்று கேட்கலாமென்று பார்த்தால், கடிதத்தின் பின்பக்க ஓரத்தில் பென்சிலில் எழுதியிருக்கிறீர்கள்: 42 பேரில் 9 பேர். அதைத்தான் முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதியிருக்க வேண்டும்.

9 பேர் சேர்ந்து உங்களுக்கு 35 போட்டால் சராசரி 3.9 வரும். அந்த 35 எப்படி வந்திருக்கும்? ஐந்து பேர் 5, இரண்டு பேர் 4, மீதி இரண்டு பேர் 1 போட்டிருக்கலாம். அந்த இரண்டு பேர் அட்டெண்டன்ஸ் கோபத்தில் இருந்தவர்களாகவும் இருக்கலாம். அவர்கள் மனசு மாறி 5 போட்டிருந்தால் உங்கள் சராசரி 4.8. பக்கத்து அறைக்காரரைத் தாண்டியிருப்பீர்கள். வாய் திறக்காத 33 பேர் என்ன நினைக்கிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியாது, ஹெச்ஓடிக்கும் தெரியாது. இதை வைத்துக்கொண்டு கூட்டத்தில் வாசித்தது தப்பு. ஒரு புள்ளியியல்காரியாகச் சொல்கிறேன், அந்த எண்ணுக்கு அவ்வளவு கனம் கிடையாது.

சராசரியை விட்டுவிட்டு, யார் எத்தனை போட்டார்கள் என்ற பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். எனக்கு ஒரு வருடம் சரியாக 3.0 வந்தது. சரி, நாம் சுமார் ரகம் போல என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் ஃபார்ம்களைத் தரையில் பரப்பிப் பார்த்தால், 3 போட்டவர் ஒருவர்கூட இல்லை. பாதிப் பேர் 5, பாதிப் பேர் 1. வாழப்பாடி, கருமந்துறை பக்கமிருந்து தமிழ் மீடியத்தில் படித்து வந்த பிள்ளைகள் அந்த வகுப்பில் பாதி. மறுநாள் ‘ஸ்டாண்டர்டு டீவியேஷன்’ கணக்கைப் போட்டுவிட்டு, பக்கத்திலேயே ‘திட்டவிலக்கம்’ என்று எழுதினேன். மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண், “மேடம், இதுவா அது? இதை நாங்க பத்தாவதுலயே போட்டிருக்கோமே!” என்றாள். இரண்டு மாதமாக அவளுக்குத் தெரிந்த ஒன்றை, தெரியாத பெயரில் நடத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

நோட்ஸ்காரர் விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்க விமானப்படை அகாடமியில் அடிப்படைப் பாடங்களுக்கு எந்த மாணவர் எந்த ஆசிரியரிடம் என்பதைக் குலுக்கல் மாதிரிதான் முடிவு செய்கிறார்கள். பரீட்சையும் எல்லாருக்கும் பொது. அந்தக் கணக்குகளை எடுத்து ஸ்காட் காரெல், ஜேம்ஸ் வெஸ்ட் என்ற இருவர் 2010ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மாணவர்கள் அதிக மதிப்பெண் கொடுத்த ஆசிரியர்களின் வகுப்பு, அந்தப் பாடத்தின் பரீட்சையில் நன்றாகத்தான் எழுதியது. ஆனால் அதே மாணவர்கள் அதற்கு அடுத்த கட்டப் பாடத்தில் பின்தங்கினார்கள். மாணவர்கள் அவ்வளவாக மெச்சாத ஆசிரியர்களிடம் படித்தவர்கள் அங்கே முன்னேறினார்கள். இதைக் காட்டி ‘எனக்கு 3.9 வந்ததே நான் பெரிய ஆசிரியர் என்பதால்தான்’ என்று கிளம்பிவிடாதீர்கள். உங்கள் பிள்ளைகள் அடுத்த வருடப் பாடத்தில் எப்படி எழுதுகிறார்கள் என்று அந்தப் பாடத்தை நடத்துபவரிடம் ஒரு வார்த்தை விசாரியுங்கள்.

கே: அம்மா, ஒவ்வொரு செமஸ்டரும் ஃபார்ம் நிரப்புகிறோம். ஒன்றும் மாறுவதில்லை. உண்மையை எழுதினால் இன்டர்னல் மார்க்கில் கை வைத்துவிடுவார்கள் என்று சீனியர் அக்காக்கள் பயமுறுத்துகிறார்கள். எல்லாவற்றுக்கும் 5 போட்டுவிட்டுப் போய்விடட்டுமா?
– மூன்றாமாண்டு மாணவி, ஏற்காடு

ப: உன் பயம் நியாயம்தான் கண்ணு. என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு கல்லூரியில் ஆய்வுக் குழு வருகிறது என்றதும் ஸ்டாஃப் ரூமில் ஒரு கிளாஸ் ரெப்பை உட்காரவைத்து 60 ஃபார்மையும் அவளையே நிரப்பச் சொன்னார்கள். நீலப் பேனா, கறுப்புப் பேனா இரண்டையும் மாற்றி மாற்றி டிக் அடித்தாள் பாவம். நடுவில் டீ, பஜ்ஜி வேறு. நானும் அந்த அறையில்தான் இருந்தேன், வாயைத் திறக்கவில்லை. அந்த வெட்கம் இன்னும் இருக்கிறது.

கூகுள் ஃபார்மாக வந்தால், மேலே உன் மின்னஞ்சல் பதிவாகிறது என்று இருக்கிறதா பார். இருந்தால் அது ரகசியம் இல்லை. காகிதமென்றால் உன் கையெழுத்து என்று தெரியாதபடி அச்செழுத்து மாதிரி எழுது. ‘சார் சரியில்லை’ என்று எழுதாதே. அதை வைத்து நல்ல மனிதரும் ஒன்றும் செய்ய முடியாது. ‘மூன்றாம் யூனிட் இரண்டே வகுப்பில் முடிந்தது, கணக்கு ஒன்றுகூடப் போடவில்லை’ என்று எழுது. அதற்கு வேலை இருக்கிறது. கல்லூரிகளுக்குத் தரச்சான்று கொடுக்கும் நாக் (NAAC) அமைப்பு 2017ல் கொண்டுவந்த முறையில் மாணவர் திருப்திக் கணக்கெடுப்பு என்று ஒன்று உண்டு; கல்லூரி கொடுக்கும் பட்டியலை வைத்து நாக் நேரடியாக மாணவர்களுக்கு அனுப்புவது. 21 கேள்வி. பாடத்திட்டத்தில் எவ்வளவு வகுப்பில் நடத்தினார்கள் என்பதுதான் முதல் கேள்வி. 85 முதல் 100 சதவீதம், 70 முதல் 84 என்று இறங்கிக்கொண்டே போகும். கடைசியில் மூன்று யோசனை எழுத இடம் விட்டிருப்பார்கள். எல்லாரும் ‘நத்திங்’ என்று எழுதிவிட்டுப் போகும் இடம் அது. அங்கே எழுது.

எல்லாவற்றுக்கும் 5 போட்டால் உன் ஜூனியருக்கும் மூன்றாம் யூனிட் இரண்டே வகுப்புதான்.

கே: தறி ஓட்டுகிறேன். மகளை டிகிரி சேர்க்க வேண்டும். ஒரு கல்லூரி நோட்டீஸில் ‘மாணவர் திருப்தி 96 சதவீதம்’ என்று போட்டிருக்கிறது. நம்பலாமா?
– ஒரு தகப்பனார், கொண்டலாம்பட்டி

ப: நோட்டீஸை மடித்து வைத்துவிடுங்கள் ஐயா. சாயங்காலம் கல்லூரி விடும் நேரத்துக்கு அந்தப் பக்கம் தட்டுவடை செட் வண்டி ஏதாவது நிற்கும். மகளையும் கூட்டிக்கொண்டு போய் ஆளுக்கு ஒரு செட் வாங்குங்கள். அங்கே நிற்கும் இரண்டாம் வருடப் பிள்ளைகளிடம் மகளையே கேட்கச் சொல்லுங்கள்: போன வாரம் எத்தனை வகுப்பு நடந்தது, எழுதிக்கொடுத்த அசைன்மென்ட் திருத்தித் திரும்பி வந்ததா, சந்தேகம் என்று கடைசியாக எந்த மேடத்திடம் போய் நின்றீர்கள்? ‘காலேஜ் நல்லாருக்கா’ என்று மட்டும் கேட்க வேண்டாம். அதற்கு எல்லாப் பிள்ளையும் ‘நல்லாருக்கு அங்கிள்’ என்றுதான் சொல்லும்.

கே: வகுப்பில் ஜோக் அடித்தால் ஃபீட்பேக் எகிறுமாமே?
– ஓமலூர் வாசகர்

ப: எகிறும். 1970ல் அமெரிக்காவில் ஒரு நடிகரை ‘டாக்டர் ஃபாக்ஸ்’ என்று பெயர் சூட்டி, மனநல மருத்துவர்கள் உள்ளிட்ட படித்த கூட்டத்தின் முன் பேசவிட்டார்கள். பேச்சில் சரக்கு கிடையாது, முன்னுக்குப் பின் முரண்தான். ஆனால் சிரிப்பும் தோரணையும் ஏராளம். கேட்டவர்கள் நல்ல மதிப்பெண் போட்டுவிட்டுப் போனார்கள்.

கே: எங்கள் கல்லூரியில் இளநிலை வகுப்புகளுக்கு மாணவர் கணக்கெடுப்பை உருப்படியாக நடத்த ஆசை. வெளிநாடுகளில் எப்படிக் கேட்கிறார்கள்? நமக்கு எது ஒத்துவரும்? (பெயர், ஊர் வேண்டாம்.)
– ஒரு முதல்வர்

ப: ஆசைப்பட்டதற்கே உங்களுக்கு ஒரு கும்பிடு.

இரண்டு ரகம் இருக்கிறது. பிரிட்டனில் 2005 முதல் கடைசி வருட மாணவர்களிடம் தேசிய அளவில் கேட்கிறார்கள். படிப்பு எப்படி, ஆசிரியர் எப்படி, திருப்தியா என்கிற மாதிரி. அதன் முடிவைப் பல்கலைக்கழகங்களின் கற்பித்தல் தர மதிப்பீட்டோடும் கட்டண உயர்வோடும் முடிச்சுப் போடப் பார்த்ததால், 2017ல் மாணவர் சங்கங்கள் புறக்கணித்தன. பாதிப் பேராவது பதில் சொன்னால்தான் முடிவு வெளியாகும் என்பது விதி. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் எண்களே அந்த வருடம் வெளிவரவில்லை. எனக்கு அதைவிடப் பெரிய குறை, கடைசி வருடத்தில் கேட்பது. பிள்ளை டிசியும் கையுமாக நிற்கும்போது கேட்டால் அவனுக்கு என்ன லாபம்?

இன்னொன்று அமெரிக்காவில், இந்தியானா பல்கலைக்கழகத்திலிருந்து 2000 முதல் நடத்துவது. முதல் வருடத்தாரிடமும் கேட்கிறார்கள், கடைசி வருடத்தாரிடமும் கேட்கிறார்கள். ‘ஆசிரியர் நல்லவரா’ என்பதைவிட, ‘நீ என்ன செய்தாய்’ என்பதுதான் அதில் அதிகம். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் படிக்கிறாய், சம்பளத்துக்கு வேலை பார்ப்பது எத்தனை மணி, கல்லூரிக்கு வந்து போக எவ்வளவு நேரம், படிக்காமலே வகுப்புக்கு வந்தது எத்தனை தடவை, ஆசிரியரிடம் உன் படிப்பைப் பற்றிப் பேசினாயா. இந்த ரகக் கேள்விதான் நமக்கு வேண்டும்.

அதைப் படித்துவிட்டு என் இரண்டாம் வருட வகுப்பில் அரைத்தாளில் தமிழிலேயே ஐந்து கேள்வி கேட்டேன். திங்கள்கிழமை முதல் பீரியட் டெஸ்டில் ஆறு பெண்கள் மட்டும் தொடர்ந்து சொதப்பிக்கொண்டிருந்தார்கள். சோம்பேறிகள் என்று முடிவு கட்டியிருந்தேன். பதில் வந்தது: ஆறு பேரும் ஏற்காட்டுக்கும் அந்தப் பக்கமுள்ள ஊர்கள். விடியுமுன் நடந்து, ஒரு பஸ் பிடித்து, ஏற்காட்டில் மாறி, 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வருகிறார்கள். இரண்டு பேருக்கு வளைவில் வாந்தி வேறு. டிசம்பர், ஜனவரியில் சனி ஞாயிறு அம்மாவோடு காப்பிப் பழம் பறிக்கப் போவார்களாம். திங்கள் காலை டெஸ்ட் வைத்தது நான். செவ்வாய் மூன்றாவது பீரியடுக்கு மாற்றினேன். பாஸ் ஆனார்கள், பெரிதாக வேறொன்றும் செய்யவில்லை.

இதோடு செமஸ்டர் நடுவில் ஒன்று செய்யுங்கள். ஹார்வர்டில் ஃபிரெடெரிக் மோஸ்டெல்லர் என்று ஒருவர் இருந்தார், எங்கள் துறைக்காரர். வகுப்பு முடியும்போது எந்த இடம் ரொம்பக் கலங்கலாக இருந்தது என்று ஒரு சீட்டில் எழுதி வாங்குவார். நான் அதற்கு ஒரு காலி காப்பித்தூள் டப்பா வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை கடைசி 3 நிமிடம், பெயர் போடாத சீட்டு. ஒரு சீட்டில் பாடமே இல்லை: “மேடம், போர்டுல வலது ஓரம் ஜன்னல் வெயில்ல பளபளன்னு அடிக்குது. ஒண்ணும் தெரியல.” அந்த அறையில் ஒன்பது வருடமாக சூத்திரங்களை வலது ஓரத்தில்தான் எழுதி வைத்திருந்தேன், அழியாமல் இருக்கட்டும் என்று. எந்த 5 மார்க் ஃபார்மிலும் அதற்குக் கட்டம் கிடையாது.

அடுத்த வகுப்பில் முதல் வேலையாக, என்ன எழுதியிருந்தீர்கள், அதில் எதை மாற்றினேன், எதை மாற்ற முடியாது என்று சொல்லிவிட வேண்டும். திங்கள் வந்து நான் சூத்திரத்தை இடது பக்கம் எழுதியதும் அந்த வாரம் டப்பாவில் சீட்டு இரட்டிப்பாகிவிட்டது. ‘நடவடிக்கை எடுக்கப்பட்டது’ என்று ஃபைலில் ஒரு தாள் சொருகுவதை இதில் சேர்க்காதீர்கள். இன்னொன்று: இந்தப் பதில்களைக் கொண்டு யாருக்கும் இன்கிரிமென்ட் நிறுத்த மாட்டேன் என்று ஆசிரியர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் உங்கள் ஸ்டாஃப் ரூமிலும் பஜ்ஜி வரும்.

கே: கெஸ்ட் லெக்சரராக இருக்கிறேன். ஃபீட்பேக்கில் ‘குரல் கீச்சுனு இருக்கு’, ‘புடவை கட்டத் தெரியல’ என்றெல்லாம் எழுதுகிறார்கள். உடன் வேலை செய்யும் ஆண்களுக்கு இப்படி வருவதில்லை. கண்டுகொள்ளாமல் விடவா?
– ஒரு வாசகி, சேலம்

ப: எனக்கும் 1990களில் வந்தது, ‘மேடம் சிரிக்கவே மாட்டேங்கிறாங்க’ என்று. பக்கத்து அறையில் ஒரு சார் 20 வருடத்தில் ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை. அவருக்கு அது ‘ஸ்ட்ரிக்ட்’.

2015ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு இருக்கிறது. ஆன்லைன் வகுப்பு, ஆசிரியரின் முகம் தெரியாது. ஆண் ஒருவர், பெண் ஒருவர் என இரண்டு ஆசிரியர்கள், ஆளுக்கு ஒரு பிரிவை ஆண் பெயரிலும் இன்னொரு பிரிவைப் பெண் பெயரிலும் நடத்தினார்கள். பெண் பெயருக்கு மதிப்பெண் குறைந்தது. விடைத்தாளை ஒரே நேரத்தில் திருப்பிக் கொடுத்தும், ‘உடனுக்குடன் தருகிறாரா’ என்ற கேள்வியில்கூடக் குறைந்தது. சின்ன ஆய்வுதான், ஆனாலும் நீங்கள் சொல்வது உங்கள் கற்பனை இல்லை.

முழுவதையும் குப்பையில் போட்டுவிடாதீர்கள். உங்களுக்கு நம்பிக்கையான சக ஆசிரியை ஒருவரிடம் ஃபார்ம் கட்டு முழுவதையும் கொடுத்து, புடவை, குரல் ரகத்தையெல்லாம் அவரே கிழித்துப் போட்டுவிட்டு, பாடத்தைப் பற்றிய சீட்டுகளை மட்டும் உங்களிடம் தரச் சொல்லுங்கள். நானும் என் தோழியும் 11 வருடம் ஒருவருக்கொருவர் அப்படித்தான் செய்துகொண்டோம். என்ன கிழித்தாள் என்று நான் கேட்டதில்லை.