பழைய விதிநூல், புதிய மேஜை: மினியேச்சர் போர் விளையாட்டு கேள்வி – பதில்

மந்திரவாதியும் டிராகனும் படைகளோடு களமிறங்கும் மேஜைப் போர் விளையாட்டுகளின் பழைய விதிநூல்களை மறுபடியும் எடுத்து ஆடிப் பார்க்கும் வாசகர்கள் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி: 1971இல் வெளிவந்த ‘செயின்மெயில்’ போர் விளையாட்டு விதிநூல் கையில் இருக்கிறது. இரண்டு முறை படித்தும் ஆட்டத்தை எங்கே தொடங்குவது என்று பிடிபடவில்லை. நூலில் பக்கங்கள் விட்டுப்போயிருக்குமோ?

விட்டுப்போயிருக்காது. கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரெனும் அதை எழுதியது, ஏற்கெனவே மேஜைப் போர் ஆடிக்கொண்டிருந்தவர்களுக்காக. மேஜை ஓரத்தில் நடுவர் ஒருவர் நிற்பார், சந்தேகம் வந்தால் அவர் முடிவு சொல்வார் என்ற எண்ணத்தில் எழுதிய நூல் அது. இன்றைய விதிநூல்கள் எல்லாவற்றையும் அச்சில் சொல்லிவிடும். அந்தக் கண்ணோடு படித்தால் செயின்மெயிலில் ஓட்டைகள்தான் தெரியும். நடுவருக்கான குறிப்பேடாக எண்ணிப் படித்துப் பாருங்கள், பாதிக் குழப்பம் போய்விடும்.

அடுத்த விஷயம், அது ஒரே விளையாட்டு அல்ல. ஒரே அட்டைக்குள் மூன்று சண்டை முறைகள் இருக்கின்றன. முதலாவது பெரும்படை முறை: ஒரு பொம்மை 20 வீரர்களுக்குச் சமம், ஓர் அங்குலம் 10 கஜம், ஒரு சுற்று ஒரு நிமிடம். இரண்டாவது ஆளுக்கு ஆள் மோதும் முறை: ஒரு பொம்மை ஒரே ஒரு வீரர். இதில் ஆயுதத்தையும் எதிராளியின் கவசத்தையும் அட்டவணையில் பொருத்தி இரண்டு பகடை உருட்ட வேண்டும். மூன்றாவது, மாவீரன், டிராகன், மந்திரவாதி போன்றோருக்காகக் கடைசியில் வரும் மாயப் பிற்சேர்க்கையின் அட்டவணை. முதல் முறை ஆடுபவர்கள் இந்த மூன்றையும் கலந்துகொண்டுதான் திணறுகிறார்கள்.

முதல் ஆட்டத்தில் மாயத்தைத் தொடாதீர்கள். ஒவ்வொரு பக்கமும் 20 கனரகக் காலாள், 20 இலகுரகக் காலாள், 10 வில்லாளர் பொம்மைகளை வைத்துப் பெரும்படை முறையை மட்டும் ஆடுங்கள். இனி ‘ஆள்’ என்றால் ஒரு பொம்மை என்றே கொள்ளுங்கள். சுற்று வரிசை எளியது. இருவரும் ஒரு பகடை உருட்டுங்கள். அதிகம் பெற்றவர் முதலில் நகர்வதா, பின்னர் நகர்வதா என்று தீர்மானிப்பார். இரு பக்கமும் நகர்ந்ததும் பீரங்கி, கவண் போன்றவை சுடும். அதன் பிறகு அம்பு, கடைசியில் கைகலப்பு. உத்தரவுகளை முன்கூட்டியே எழுதிவைத்து இருவரும் ஒரே நேரத்தில் நகரும் மாற்று முறையும் நூலில் உண்டு. நடுவர் இல்லாமல் அதை ஆடினால் வாக்குவாதம்தான் மிஞ்சும்.

கைகலப்பில் எத்தனை பகடை என்பதை அட்டவணை சொல்லும். 12 கனரகக் காலாள் இலகுரகக் காலாளைத் தாக்கினால் ஆளுக்கு ஒரு பகடை. 5, 6 விழுந்தால் பலி. சராசரி 4 பேர் சாய்வார்கள். அதே 12 இலகுரகக் காலாள் திருப்பித் தாக்கும்போது இரண்டு பேருக்கு ஒரு பகடைதான், அதிலும் 6 மட்டுமே பலி. 6 பகடைக்குச் சராசரி ஒருவர். இந்த நான்குக்கு ஒன்று என்ற விகிதத்தைப் பார்த்து “அச்சுப்பிழை” என்று திருத்துபவர்கள் உண்டு. திருத்தாதீர்கள். இலகுரகப் படையின் வேலை முகத்துக்கு நேரே மோதுவது அல்ல. பக்கவாட்டைக் காப்பதும், கரடுமுரடான இடங்களைப் பிடித்துவைப்பதும்தான்.

கேள்வி: எங்கள் மேஜை சிறியது. குதிரைப்படை ஒரே சுற்றில் மறுமுனைக்குப் போய்விடுகிறது. நகர்வு தூரத்தைப் பாதியாக்கலாமா?

ஆக்கலாம், ஆனால் அம்பு எட்டும் தூரத்தையும் சேர்த்துப் பாதியாக்குங்கள். செயின்மெயிலில் கனரகக் காலாள் 9 அங்குலம் நகரும், நெடுவில் 21 அங்குலம் எட்டும். அந்த வெளியைக் கடக்க இரண்டு சுற்றுக்குச் சற்றே மேல் ஆகும். நகர்வை மட்டும் நாலரை அங்குலமாக்கிவிட்டால் ஏறத்தாழ ஐந்து சுற்று அம்புமழையில் நடக்க வேண்டும். காலாட்படை வந்து சேராது. பிறகு “இந்த விதியில் வில்தான் எல்லாம்” என்று நூலின் மேல் பழி வரும். திரும்புதல், அணி மாற்றம் போன்ற எல்லா அங்குல அளவுகளுக்கும் இதுவே கணக்கு.

கேள்வி: பிற்சேர்க்கையில் வரும் மாவீரன் சாகவே மாட்டேன் என்கிறான் என்கிறார் ஒரு நண்பர். இரண்டே சுற்றில் செத்துவிடுகிறான் என்கிறார் இன்னொருவர். யார் ஆடுவது சரி?

இரண்டாமவர் பலிகளைச் சேர்த்துவைத்து எண்ணுகிறார் என்று நினைக்கிறோம். மாவீரன் நான்கு ஆட்களுக்குச் சமம். சாதாரணப் படையால் அவனைக் கொல்ல வேண்டுமானால் நான்கு பலிகளும் ஒரே சுற்றில் விழ வேண்டும். மூன்று விழுந்தால் அவனுக்கு ஒன்றும் இல்லை, அடுத்த சுற்று மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அவனைவிடப் பெரிய வீரனுக்கு எட்டு பலி வேண்டும்.

12 பகடை, 6 மட்டுமே பலி என்று வைத்துப் பாருங்கள். ஒரு சுற்றுக்குச் சராசரி இரண்டு பலி. சேர்த்து எண்ணினால் இரண்டு சுற்றில் மாவீரன் காலி. ஒரே சுற்றில் நான்கு விழ வேண்டும் என்றால் வாய்ப்பு ஏறத்தாழ எட்டில் ஒன்று. ஆட்டத்தின் குணமே இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. மாவீரனை வீழ்த்த எதிரி ஒன்று கூட்டமாகக் குவிய வேண்டும், இல்லையென்றால் தன் மாவீரனை அனுப்ப வேண்டும்.

மாவீரன் டிராகனோடோ மந்திரவாதியோடோ மோதும்போது படைக்கணக்கை விட்டுவிட்டு மாயச்சண்டை அட்டவணைக்குப் போங்கள். இரண்டு பகடையைக் கூட்டிப் பாருங்கள். அட்டவணை எண்ணுக்குக் கீழே வந்தால் எதுவும் இல்லை. சரியாக அதே எண் வந்தால் எதிரி ஒரு நகர்வு பின்வாங்குகிறார். அதைத் தாண்டினால்தான் மரணம். “9 அல்லது அதற்கு மேல் என்றால் மரணம்” என்று படித்துவிடுவது வழக்கமான தவறு. 9ஐத் தாண்டும் வாய்ப்பு 36இல் 6. 9ஐயும் சேர்த்தால் 10. டிராகன் அநியாயமாகச் சாவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

மந்திரவாதியின் நெருப்புப் பந்துக்கும் மின்னலுக்கும் தனிக் கணக்கு தேட வேண்டாம். நெருப்புப் பந்து விழும் பரப்பு பெரிய கவணுக்கு உரியது, மின்னல் கனரகப் பீரங்கிக்கு உரியது. கற்பனைக்கு என்று புதிய இயந்திரம் செய்யாமல், இருந்த முற்றுகைக் கருவிகளின் மேலேயே மந்திரத்தை ஏற்றியிருக்கிறார்கள். அந்தச் சிக்கனம் இந்த நூலின் அழகு.

கேள்வி: கைகலப்புக்குப் பின் வரும் மனவுறுதிக் கணக்கு தலைசுற்ற வைக்கிறது. விட்டுவிடலாமா?

விடக்கூடாது. அது இல்லையென்றால் இரு பக்கமும் கடைசி ஆள் வரை வெட்டிக்கொண்டு சாகும், ஆட்டம் வெறும் பகடை எண்ணிக்கையாகிவிடும். கணக்குக்கு மூன்று படிகள்தான், ஒரு தாளில் மூன்று வரி போட்டுக்கொள்ளுங்கள்.

செம்படை 2 பேரை இழந்து 18 பேரோடு நிற்கிறது, நீலப்படை 6 பேரை இழந்து 14 பேரோடு நிற்கிறது என்போம். இரண்டின் மனவுறுதி மதிப்பும் 5 என்று வைத்துக்கொள்வோம். முதல் வரி: இழப்பு வித்தியாசம் 4. குறைவாக இழந்த செம்படைக்காக ஒரு பகடை உருட்டிப் பெருக்க வேண்டும். 3 விழுந்தால் 12. இரண்டாம் வரி: மிஞ்சியவர் வித்தியாசம் 4, இதுவும் செம்படைக்கே. மூன்றாம் வரி: இரு பக்கமும் மிஞ்சியவர் எண்ணிக்கையை மதிப்பால் பெருக்குங்கள். செம்படை 90, நீலப்படை 70. மொத்தம் 106க்கு 70, வித்தியாசம் 36. தோற்றவர் தொடர்ந்து நிற்கிறாரா, ஒழுங்காகப் பின்வாங்குகிறாரா, சிதறி ஓடுகிறாரா, சரணடைகிறாரா என்பதை அந்த 36ஐக் கொண்டு அட்டவணையில் பாருங்கள்.

தவறு நடப்பது இரண்டு இடங்களில். ஒன்று, மேஜையில் இருக்கும் மொத்தப் படையையும் எண்ணிவிடுவது. அந்தக் கைகலப்பில் ஈடுபட்டவர்களை மட்டுமே எண்ண வேண்டும். இன்னொன்று, பகடையை மூன்று வரிக்கும் பெருக்குவது. அது இழப்பு வித்தியாசத்துக்கு மட்டும்தான்.

கேள்வி: பழைய பிரிட்டிஷ் விதிநூல் ஒன்று ‘சராசரிப் பகடை’ கேட்கிறது. கிடைக்கவில்லை. என்ன செய்வது?

அதன் ஆறு முகங்களில் 2, 3, 3, 4, 4, 5 என்று இருக்கும். சாதாரணப் பகடையை உருட்டி, 1 விழுந்தால் 3 என்றும் 6 விழுந்தால் 4 என்றும் படியுங்கள். துல்லியமாக அதே விகிதம் கிடைக்கும்.

பழைய இருபது முகப் பகடையில் 0 முதல் 9 வரை இரண்டு தடவை இருப்பதைக் கண்டும் குழம்ப வேண்டாம். ஒரு பத்துக்கு ஒரு நிற மெழுகும் மறு பத்துக்கு வேறு நிறமும் தேய்த்து, ஒரு நிறத்தை 11 முதல் 20 வரை என்று வைத்துக்கொள்வார்கள்.

கேள்வி: மாயப் படைகளுக்கான முதல் விதிநூல் செயின்மெயில்தானா?

இல்லை. லெனார்ட் பாட் என்பவர் எழுதிய இரண்டு பக்க விதிகள் 1970லேயே வந்துவிட்டன. ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ எழுதிய டோல்கீனின் கற்பனை உலகத்தை வைத்து எழுதியவை அவை. மாவீரன், டிராகன், நெருப்புப் பந்து எறியும் மந்திரவாதி எல்லாம் அதிலேயே உண்டு. அதற்கும் முன்பே பிரிட்டனில் டோனி பாத், ‘ஹைபோரியா’ என்ற கற்பனைக் கண்டத்தில் பழங்காலப் படைகளை வைத்துத் தொடர்போர் நடத்தினார். செயின்மெயிலின் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. 1974இல் வந்த ‘டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்ற பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு அதன் மேல்தான் எழுந்தது.

குள்ள மனிதர்களின் பெயர் உங்கள் செயின்மெயில் பிரதியில் ‘ஹாபிட்’ என்றும் நண்பர் பிரதியில் ‘ஹாஃப்லிங்’ என்றும் இருந்தால் அது பதிப்பு வேறுபாடு. டோல்கீன் படைப்புகளின் உரிமை தொடர்பாகப் பிந்தைய அச்சுகளில் பெயர்கள் மாறின. எதிரெதிரே ஆடும் இருவரும் ஒரே அச்சை வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: ‘வார்ஹாமர்’ என்ற மாயப் போர் விளையாட்டின் பழைய பதிப்புகளில் எதைத் தேர்வது?

1983இல் வந்த முதல் பதிப்பு மூன்று கையேடுகள் கொண்ட பெட்டி. பிரையன் ஆன்செல், ரிச்சர்ட் ஹாலிவெல், ரிக் பிரீஸ்ட்லி மூவரும் உருவாக்கியது. ஹாலிவெல்லும் பிரீஸ்ட்லியும் அதற்கு முன்பே ‘ரீப்பர்’ என்ற விதிநூலை எழுதியிருந்தார்கள். முதல் பதிப்பில் எண்ணங்கள் பொங்கி வழிகின்றன, ஒழுங்கு குறைவு. வரலாற்று ஆர்வம் இருந்தால் வாங்குங்கள். ஆடுவதற்கு என்றால் 1987இன் மூன்றாம் பதிப்பைத்தான் சொல்வோம்.

ஒரு எச்சரிக்கை. மூன்றாம் பதிப்பில் தலைமைப் பண்பு, அறிவு, நிதானம், மனத்திண்மை என நான்கு தனி மதிப்புகள். எந்தச் சோதனைக்கு எது என்று ஒவ்வொரு முறையும் பக்கம் புரட்டினால் மாலை முழுதும் போய்விடும். உங்கள் படைக்கு வேண்டிய சோதனைகளை மட்டும் முன்கூட்டியே ஒரு அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள். படைப்பிரிவை 20 பொம்மைக்குள் நிறுத்துங்கள். இங்கும் நடுவர் வேண்டும். முதல் பதிப்புப் பெட்டியின் மேலேயே, நடுவர் வழிநடத்தும் வகையான ‘பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு’ என்றுதான் போட்டிருந்தார்கள்.

கேள்வி: இருப்பதோ பத்துப் பதினைந்து பொம்மைகள், நேரமும் குறைவு. எங்களுக்கு ஏற்றது உண்டா?

1991இல் வந்த ‘ஹோர்ட்ஸ் ஆஃப் த திங்ஸ்’. ஃபில் பார்க்கர், சூ லாஃப்லின்-பார்க்கர், ரிச்சர்ட் போட்லி ஸ்காட் எழுதியது. ஒவ்வொரு பக்கமும் 24 புள்ளிக்குப் படை சேர்க்க வேண்டும். ஒரே அடித்தட்டில் நிற்கும் பொம்மைகள் ஒரு தொகுதி. மாவீரனுக்கு 4, வாள்வீரர் தொகுதிக்கு 2, கும்பலுக்கு 1. 15 மில்லிமீட்டர் பொம்மைகளுக்கு 60 சென்டிமீட்டர் சதுரப் பலகை போதும். சண்டையில் இருவரும் ஒரு பகடையோடு தொகுதியின் மதிப்பைக் கூட்டுவார்கள். தோற்றவர் பொதுவாகப் பின்வாங்குவார், எதிரியின் கூட்டுத்தொகை தன்னுடையதைப் போல் இரு மடங்கானால் அழிவார். புதிதாக வருபவர்கள் மாவீரன், டிராகன், மந்திரவாதி என்று புள்ளியைக் கரைத்துவிட்டு வரிசை நிறுத்த ஆள் இல்லாமல் தோற்கிறார்கள். குறைந்தது 14 புள்ளியைச் சாதாரணத் தொகுதிகளுக்கு வையுங்கள்.

கேள்வி: 1980களின் உலோகப் பொம்மைகள் சிலவற்றில் வெள்ளைப் பொடி படிந்திருக்கிறது. வினிகரில் ஊறவைத்தால் போகுமா?

வினிகர் வேண்டவே வேண்டாம். அந்தக் காலப் பொம்மைகள் பல ஈயக் கலவை. மரப்பெட்டி, குறிப்பாக ஓக் மரம், மரத்தூள் பலகை ஆகியவற்றிலிருந்து கசியும் அசிட்டிக் அமில ஆவி ஈரத்தோடு சேர்ந்து ஈயத்தை அரித்து அந்தப் பொடியாக்குகிறது. வினிகரும் அதே அமிலம்தான்.

முதலில், மங்கிய சாம்பல் நிறமா, உதிரும் வெள்ளைப் பொடியா என்று பாருங்கள். சாம்பல் நிறம் ஈயத்தின் இயல்பான மேற்படலம், அதைத் தொடாதீர்கள். பொடி என்றால் அந்தப் பொம்மையைத் தனியே எடுத்துவையுங்கள். கையுறை அணிந்து, தண்ணீருக்குள் வைத்தே மென்மையான தூரிகையால் தேயுங்கள். உலர்ந்த நிலையில் தேய்த்தாலோ உப்புத்தாள் போட்டாலோ ஈயத் தூள் காற்றில் கலந்து மூச்சில் ஏறும். பிறகு காய்ச்சி வடித்த நீரில் அலசி, ஈரம் துளியும் இல்லாமல் உலர்த்தி, உடனே பிரைமர் என்னும் அடிப்பூச்சு அடியுங்கள். அடிப்பகுதியையும் விடாதீர்கள், அரிப்பு பெரும்பாலும் வண்ணம் படாத அடியில்தான் தொடங்கும். பழைய பெட்டிக்கே திருப்பி வைத்தால் மீண்டும் வரும். உலோக அல்லது பாலிப்ரொப்பிலீன் பெட்டியில், காற்றுப் புகும்படி வையுங்கள்.

பழைய வண்ணத்தைக் களைய அசிட்டோன் உலோகத்துக்கு மட்டும். பிளாஸ்டிக் கேடயமோ அடித்தட்டோ ஒட்டியிருந்தால் முதலில் கழற்றுங்கள், அசிட்டோனில் அது கரைந்துபோகும். திறந்த வெளியில், நெருப்புக்குத் தள்ளி வைத்துச் செய்யுங்கள்.

கேள்வி: விதியில் இல்லாத நிலைமை வந்தால் நாங்களே விதி சேர்க்கலாமா?

தாராளமாக. ஆனால் முதல் மூன்று ஆட்டங்களை அச்சில் உள்ளபடி ஆடிய பிறகு சேருங்கள். இடைவெளி வந்த இடத்தில் நடுவர் அந்த நேரத்துக்கு ஒரு முடிவு சொல்லட்டும். இருவர் மட்டும் ஆடினால் பகடை உருட்டி முடிவெடுங்கள். என்ன நிலைமை, என்ன முடிவு, எந்தப் பக்கத்து விதியை ஒட்டியது என்று ஒரு நோட்டில் தேதியோடு குறித்துவையுங்கள். ஆட்டம் முடிந்த பிறகு, படைகளைப் பெட்டியில் வைப்பதற்கு முன் இருவரும் சேர்ந்து அதைப் படியுங்கள். அதே நிலைமை இரண்டாம் முறை வந்தால் மட்டும் நிரந்தர விதியாக்குங்கள்.