புல் அளவு சதுரச் சட்டத்தில் 60, புள்ளியில் 40: எது சரி?

வணக்கம். ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் ஒரே மேய்ச்சல் நிலத்தில், சதுரச் சட்டம் வைத்துக் கண்ணால் மதிப்பிட்டபோது புல் மூட்டம் (நிலத்தில் புல் மூடியிருக்கும் பங்கு) 60 சதவீதம், நாடா விரித்துக் கம்பியால் புள்ளி புள்ளியாகக் குத்தியபோது 40 என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டில் ஒன்று தப்பு என்று முடிவுகட்டாதீர்கள். நீங்கள் அளந்தது ஒரே பொருள் அல்ல என்றே எனக்குப் படுகிறது.

சட்டத்துக்குள் பார்க்கும்போது கண் புல் தூரின் வெளிவிளிம்பை ஒரு வட்டமாக எடுத்துக்கொள்ளும். இலைகளுக்கு நடுவே தெரியும் மண்ணும் புல் கணக்கில் சேர்ந்துவிடும். கம்பியோ இலையில் பட்டால் உண்டு, மண்ணில் விழுந்தால் இல்லை. அதனால் எண் குறைவது இயல்பு. கம்பியின் முனையையும் பாருங்கள். தடித்த முனை, மெல்லிய புல்லில் மூட்டத்தைக் கூட்டிக் காட்டும். அப்புறம் காற்று. ஆனி, ஆடியில் அந்தக் கணவாய்க் காற்றில் இலை ஓரிடத்தில் நிற்காது. தணிந்த நேரம் பார்த்து அளந்தால் நல்லது.

சட்டத்தை எங்கே வைத்தீர்கள்? கை தானாகப் பச்சை தெரியும் பக்கம் போகும். இத்தனை மீட்டருக்கு ஒன்று என்று முன்கூட்டியே குறித்துவிடுங்கள்.

சரி, வருடாவருடம் ஒப்பிடத்தான் என்றால் தூரின் அடிப்பரப்பை, அதாவது மண்ணை ஒட்டித் தூர் பிடித்திருக்கும் இடத்தை, அளந்து பாருங்கள். இலைமூட்டம் ஒரு மழையிலோ, ஆடுகள் நாலு நாள் மேய்ந்தாலோ மாறிவிடும். எந்த முறையானாலும் நடுவில் மாற்றாதீர்கள்.

எத்தனை புள்ளி குத்தினீர்கள்? 50 என்றால் ஒவ்வொரு புள்ளியும் 2 சதவீதம்; சில புள்ளிகள் மாறினாலே எண் நகர்ந்துவிடும். அதனால் கூடுதல் நாடாக்கள் தேவைப்படும்.