கூலிக்காரர்களின் கல்லா?

கேள்வி: மகளைப் பார்க்க அமெரிக்காவில் லூயிவில் நகரத்துக்குப் போயிருந்தேன். அங்கே கேவ் ஹில் கல்லறைத் தோட்டத்தில், உள்நாட்டுப் போரில் இறந்த ஜெர்மன்காரர்களுக்கு ஒரு நினைவுக்கல். ஜெர்மன் மொழியில் எழுத்து. கேட்டால், அதுவும் நகலாம். பிழைக்க வந்தவர்கள், சம்பளத்துக்குத் துப்பாக்கி தூக்கினார்கள். வந்த நாட்டு மொழியில்கூட எழுதாமல் அவர்களுக்கு ஒரு கல், அது கெட்டுப்போனதும் அரசாங்கச் செலவில் இன்னொரு கல். இதெல்லாம் தேவையா?
– வாசகர் ஒருவர், கோவை

பதில்: தேவைதான். முதலில் அந்தச் சம்பளத்தைப் பார்த்துவிடுவோம். 1861-ல் வடக்குப் படையில், அதாவது அமெரிக்க அரசாங்கத்தின் படையில், சாதாரணச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். அதுவும் மாதக்கணக்கில் பாக்கி விழும். பணிக்காலம் முடிந்து விடுவிக்கும்போது 100 டாலர் என்று ஒரு வாக்குறுதியும் உண்டு. கட்டாய ஆள்சேர்ப்புச் சட்டம் வந்தது 1863 மார்ச்சில். 300 டாலர் கட்டிவிட்டு வீட்டிலேயே இருந்துகொள்வது, காசு கொடுத்துத் தனக்குப் பதிலாக இன்னொருவனை அனுப்புவது என்ற கூத்தெல்லாம் அதற்கு அப்புறம்தான் பெருகியது. கப்பலை விட்டு இறங்கிய கையோடு பணத்துக்காகப் படையில் சேர்ந்தவர்கள் இருந்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நீங்கள் பார்த்த கல்லுக்கு உரியவர்கள் செத்தது 1861 டிசம்பர் 17-ம் தேதி. யாரும் பிடித்துத் தள்ளாமல், தாங்களாகவே சேர்ந்தவர்கள்.

அவர்கள் 32-வது இந்தியானா படைப்பிரிவு. முழுக்க ஜெர்மன் குடியேறிகள். தளபதி அகஸ்ட் வில்லிச். பிரஷ்ய ராணுவ அதிகாரியாக இருந்து, அந்த வேலையை உதறிவிட்டுத் தச்சுத் தொழில் கற்றவர். 1849-ல் ஜெர்மனியின் பாடன் பகுதியில் மன்னராட்சிக்கு எதிரான கிளர்ச்சியில் படை நடத்தினார். அப்போது அவருக்கு உதவி அதிகாரியாக இருந்தவர் பிரெடரிக் ஏங்கல்ஸ். அப்புறம் லண்டனில் கார்ல் மார்க்ஸோடு முட்டிக்கொண்டு, அவரையே ஒற்றைக்கு ஒற்றை சண்டைக்கு அழைத்தார். மார்க்ஸை மிதவாதி என்று நினைத்த ஆள்! சின்சினாட்டியில் ஜெர்மன் பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தவர், போர் வந்ததும் பேனாவை வைத்துவிட்டுக் கிளம்பினார். இவரையும் கூலிப் பட்டியலில் சேர்ப்பீர்களா?

லூயிவில் இருக்கும் அதே கென்டக்கி மாநிலத்தில், கிரீன் நதியின் மேல் ஒரு ரயில் பாலம். லூயிவில்லிலிருந்து நாஷ்வில் போகும் பாதை. நாட்டை விட்டுப் பிரிந்துபோன மாநிலங்களின் தெற்குப் படை அதில் ஒரு பகுதியைத் தகர்த்திருந்தது. வடக்குப் படை அதைச் சீர்செய்துகொண்டிருக்க, காவலுக்கு நின்றவர்கள் இந்த ஜெர்மன்காரர்கள். தெற்கின் டெக்சாஸ் குதிரைப்படை பாய்ந்து வந்தது. நடக்கும் சிப்பாய்க்குக் குதிரைக்கு முன்னால் ஓட வழியில்லை. ஓடினால் முதுகில் விழும். ஆகவே ஒரு பிரிவு சதுரமாகக் கூடி, நான்கு பக்கமும் துப்பாக்கி முனைக் கத்தியை நீட்டிக்கொண்டு நின்று சுட்டது. ஐரோப்பியப் பயிற்சியில் வந்த பழைய பாடம், அமெரிக்கப் போரில் அபூர்வமாகக் கண்ட காட்சி. குதிரைப்படைத் தலைவர் கர்னல் டெர்ரி அங்கேயே விழுந்தார். சதுரமாகக் கூட நேரம் கிடைக்காமல் திறந்த வெளியில் மாட்டியவர்கள்தான் அதிகம் செத்தார்கள்.

இனி கல். ஒரு மாதம் கழித்து, 1862 ஜனவரியில், அதே படைப்பிரிவின் சிப்பாய் அகஸ்ட் புளோட்னர், அங்கே கிடைத்த சுண்ணாம்புக் கல்லில் தன் கையாலேயே செதுக்கினார். அரசாங்க உத்தரவும் இல்லை, ஒப்பந்தக்காரரும் இல்லை. மேலே சிறகு விரித்த கழுகு, பீரங்கி, கொடிகள். கீழே இறந்தவர்களின் பெயர், பிறந்த ஊர். தோழர்கள் தோழர்களுக்கு வைத்த கல்லை வேறு எந்த மொழியில் எழுதச் சொல்கிறீர்கள்? அமெரிக்க உள்நாட்டுப் போர் நினைவுச் சின்னங்களில் இன்றைக்கு மிஞ்சியிருப்பவற்றில் மிகப் பழையது இதுதான். 1867-ல் எலும்புகளோடு லூயிவில்லுக்குக் கொண்டுவந்தபோது புதிதாகப் பீடம் செய்து, அதில் ஆங்கிலத்திலும் பொறித்தார்கள். ஆக, அந்தக் குறையும் உங்களுக்கு வேண்டாம்.

கல் சொல்வதையெல்லாம் நம்பிவிடவும் வேண்டாம். 3000-க்கும் மேற்பட்ட எதிரிகளை 500 ஜெர்மன் வீரர்கள் தோற்கடித்தார்கள் என்று அதில் இருக்கிறது. தெற்குப் படையும் அதே சண்டையில் தாங்கள்தான் ஜெயித்தோம் என்று சொல்லிக்கொண்டது. பாலம் மட்டும் வடக்கிடமே இருந்தது.

நீங்கள் சுற்றிப் பார்த்த அந்த நகரத்திலேயே இன்னொரு கதை உண்டு. 1855 ஆகஸ்ட் 6, தேர்தல் நாள். "வந்தேறிகள் ஓட்டுப் போடக் கூடாது" என்று ஒரு கட்சியின் கும்பல் ஜெர்மன்காரர்கள், ஐரிஷ்காரர்கள் குடியிருந்த தெருக்களில் புகுந்தது. வீடுகளையும் ஒரு பீர் ஆலையையும் கொளுத்தியது. குறைந்தது 22 பேர் செத்தார்கள். லூயிவில்காரர்கள் இன்றும் அதை ரத்தத் திங்கள் என்கிறார்கள். ஆறு வருஷம் கழித்து அதே மாநிலத்தில், அதே நாட்டின் அரசியல் சட்டத்துக்காகச் செத்தோம் என்று கல்லில் வெட்டி வைத்தவர்களைத்தான் நீங்கள் "பிழைக்க வந்தவர்கள்" என்கிறீர்கள். 1855-ல் தீ வைத்தவர்களும் அதைத்தான் சொன்னார்கள்.

டெக்சாஸில் கம்ஃபர்ட் என்று ஒரு சிற்றூர். 1862-ல் தெற்குக்கு விசுவாசமாக இருக்க மறுத்து மெக்சிகோவுக்குக் கிளம்பிய ஜெர்மன் குடியானவர்களை, நியூசஸ் ஆற்றங்கரையில் தெற்குப் படை மடக்கிச் சுட்டது. காயம்பட்டுக் கிடந்தவர்களையும் விடவில்லை. போர் முடிந்த பிறகே உறவுக்காரர்கள் போய் எலும்புகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து கம்ஃபர்ட்டில் புதைத்தார்கள். 1866-ல் வைத்த கல்லிலும் ஜெர்மன்தான். அவர்களுக்கு யார் சம்பளம் கொடுத்தது?

நகல் விஷயம். புளோட்னருக்குக் கிடைத்த கல் மட்டமான கல். மழையிலும் பனியிலும் ஏடு ஏடாக உரிந்து, எழுத்தில் பெரும்பகுதி போய்விட்டது. 2008-ல் எடுத்துப் பழுதுபார்த்து, 2010-ல் ஃப்ரேசியர் மியூசியத்தில் வைத்தார்கள். கல்லறைகள் இருக்குமிடம் மொட்டையாக நிற்கக் கூடாதே என்று 2011-ல் புதுக் கல் நட்டார்கள். அசலை வெயிலில் விட்டிருந்தால் "பராமரிப்பு இல்லை" என்று நீங்களே எனக்கு எழுதியிருப்பீர்கள். கேவ் ஹில்லில் கேஎஃப்சி கர்னல் சாண்டர்ஸ் சமாதியையும் முகமது அலி சமாதியையும் எப்படியும் பார்த்திருப்பீர்கள். மியூசியம் மெயின் தெருவில் இருக்கிறது. அடுத்த முறை மகளை அங்கேயும் கூட்டிப்போகச் சொல்லுங்கள்.