செல்லுக்குள் போகும் ஆன்டிபாடி: அதை ஊசியாக விற்பவரை நம்பலாமா?

கேள்வி: அண்ணனுக்குக் கணையப் புற்றுநோய், கேராஸ் (KRAS) மரபணுவில் மாற்றம் இருப்பதாக ரிப்போர்ட். செல்லுக்குள் நுழைந்து அதை அடக்கும் ஆன்டிபாடி ஊசி வாங்கித் தருவதாக ஒருவர் முன்பணம் கேட்கிறார். கட்டலாமா?

கட்டாதீர்கள். ஊசியில் ஏற்றும் ஆன்டிபாடி, அதாவது இலக்கைத் தேடி ஒட்டும் புரதம், உருவத்தில் பெரியது. செல்லின் வெளிப்பக்கம் ஒட்டும், அல்லது செல் அதை விழுங்கி ஒரு சின்னப் பைக்குள் போட்டுச் செரித்துவிடும். செல்லை வளரச் சொல்லும் கேராஸ் புரதம் இருப்பதோ செல்சவ்வின் உள்பக்கம்.

அப்புறம் "செல்லுக்குள் ஆன்டிபாடி" என்று வரும் செய்திகள்? அவை பொய்யில்லை, ஆனால் அது மருந்து தேடும் வழி. ஆன்டிபாடியின் பிடிக்கும் நுனியை மட்டும் செய்யச் சொல்லும் மரபணுவை ஆய்வகச் செல்லுக்குக் கொடுக்கிறார்கள், செல்லே அதைத் தயாரித்துக்கொள்கிறது. கேராஸ் வழவழப்பான புரதம், மாத்திரை மூலக்கூறு உட்காரப் பள்ளம் கிடைக்காமல் பல வருடம் திண்டாடினார்கள். அந்த நுனி எங்கே ஒட்டினால் புரதத்தின் வேலை நிற்கிறது என்று தெரிந்ததும், அதைத் தள்ளிவிட்டு அதே இடத்தில் அமரும் சின்ன மூலக்கூறுகளைத் தேடுகிறார்கள். பிரிட்டன் ஆய்வாளர் டெரன்ஸ் ராபிட்ஸின் குழு 2018இல் இப்படிச் சில மூலக்கூறுகளை எடுத்துக் காட்டியது. அங்கிருந்து நோயாளி கைக்கு மாத்திரையாக வரப் பல வருட வேலை.

இந்தக் கட்டுரைகளைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டுதான் ஏஜென்ட்கள் வருகிறார்கள். ஆய்வகத் தட்டில் வளர்த்த செல் செத்ததை "நோய் குணமானது" என்று படித்துக் காட்டுவார்கள். நோயாளிகளிடம் நடக்கும் மருந்துச் சோதனை என்று சொன்னால் அதன் பதிவு எண்ணைக் கேளுங்கள். முறையான சோதனையில் சோதனை மருந்துக்குப் பணம் வாங்கும் வழக்கமில்லை.

ஒன்று மட்டும் பாருங்கள், ரிப்போர்ட்டில் கேராஸ் பக்கத்தில் பெரும்பாலும் ஜி12 (G12) என்று போட்டு ஓர் எழுத்து இருக்கும். அது சி (C) என்றால் கதை வேறு: புரதத்தின் 12ஆவது இடத்தில் கிளைசின் என்ற அமினோ அமிலம் போய் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் வந்திருக்கிறது, அந்த சிஸ்டீனைப் பூட்டிப் பிடிக்கும் சோட்டோராசிப் மாத்திரைக்கு 2021இல் அமெரிக்காவில் நுரையீரல் புற்றுநோய்க்காக அனுமதி கிடைத்தது. கணையத்தில் சி வகை நூற்றில் ஒன்றிரண்டு பேருக்குத்தான், அதிகம் வருவது டி (D). டி என்றால் அந்த மாத்திரை பிடிக்காது, பூட்ட அங்கே சிஸ்டீனே இல்லை. அதற்கென வேறு மருந்துகள் சோதனையில் இருக்கின்றன, மருத்துவரிடம் கேளுங்கள்.

இந்த ஓர் எழுத்தை விளக்க இரண்டு நிமிடம் போதும். மருத்துவமனையில் அதைக்கூடச் செய்யாமல் ரிப்போர்ட்டைக் கையில் திணித்து அனுப்புகிறார்கள், மீதியை ஏஜென்ட் வந்து விளக்குகிறார். நாளைக்கே ரிப்போர்ட்டோடு மருத்துவரிடம் போய், "எங்கள் அண்ணனுக்கு எந்த எழுத்து?" என்று கேளுங்கள், பதில் வரும்வரை எழுந்திருக்காதீர்கள்.