பார்த்த விலையும் கட்டிய விலையும்

இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதி, சனி ஞாயிறு நகரம் சுற்றப் போய்க் கையைச் சுட்டுக்கொண்டு திரும்பியவர்கள் எழுதியவை.

கேள்வி: முன்பதிவுத் தளத்தில் காட்டிய வாடகையை நம்பி அறை எடுத்தேன். பணம் கட்டும் பக்கத்தில் துப்புரவுக் கட்டணம், வசதிக் கட்டணம் என்று கால் பங்கு ஏறிவிட்டது. இப்படிச் செய்யலாமா?

பதில்: என் வாயைக் கிளறிவிட்டீர்கள். முதல் பக்கத்தில் காட்டுவது தூண்டில் புழு. பெயர், கைபேசி எண், கார்டு எண் எல்லாம் தட்டி முடித்து நாலாவது பக்கத்துக்கு வந்த பிறகுதான் உண்மைத் தொகை தெரியும். அந்த நேரத்தில் திரும்பிப் போக யாருக்கும் மனசு வராது. அது அவர்களுக்கும் தெரியும். எனக்கு ஆத்திரம் வருவது இன்னொன்றுக்காக. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகையாகப் போடுகிற நேர்மையான விடுதி, பட்டியலில் ‘விலை அதிகம்’ என்று அடியில் போய் உட்கார்ந்துவிடுகிறது. ஒளித்தவன் மேலே வருகிறான்.

அமெரிக்காவில் 2025 மே மாதம் முதல், கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்த மொத்த விலையைத்தான் விடுதிகள் முதலிலேயே காட்ட வேண்டும் என்று விதி வந்துவிட்டது. பிரிட்டனில் 2019-லேயே ஆறு முன்பதிவுத் தளங்களை அங்குள்ள போட்டி மற்றும் சந்தை ஆணையம் பிடித்தது. ஒளித்த கட்டணம் மட்டுமல்ல, வாங்குகிறவரை விரட்டும் வாசகங்களும் மாற வேண்டும் என்றது. ‘இந்த விடுதியை இப்போது ஐந்து பேர் பார்க்கிறார்கள்’ என்று மினுக்குமே, அந்த ஐந்து பேரும் உங்கள் தேதிக்குத்தான் பார்க்கிறார்கள் என்று யார் சொன்னது?

எல்லா நாட்டிலும் இப்படிக் கேட்க ஆள் இல்லை. அதனால் இரண்டு மூன்று தளங்களில் கடைசிப் பக்கம் வரை போங்கள். அங்கே வரும் தொகையை மட்டும் ஒப்பிடுங்கள். அப்புறம் விடுதிக்கே போன் செய்து அதே தொகையைச் சொல்லிப் பாருங்கள். தளத்துக்குக் கமிஷன் கொடுப்பது அவர்களுக்கும் வலிக்கிற விஷயம். விலை குறையாவிட்டாலும் காலை உணவாவது சேரலாம்.

கேள்வி: ‘பணம் திரும்பக் கிடையாது’ என்று மலிவாகப் போட்டிருந்த அறையை எடுத்தேன். பார்த்தால் மாதம் மாறிப்போயிருக்கிறது. ஆன்லைனில் வாங்கியதை 14 நாளில் திருப்பலாம் என்கிறார்களே?

பதில்: அது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. குறிப்பிட்ட தேதிக்கு எடுத்த விடுதி அறைக்கு அங்கேயும் செல்லாது. மலிவாகக் கிடைத்ததே திருப்ப முடியாது என்பதால்தான். மாதத்தைக்கூடப் பார்க்காமல் பணம் கட்டினால் நான் என்ன செய்ய? விடுதியைக் கூப்பிட்டு, தேதியை மட்டும் மாற்றித் தர முடியுமா என்று தணிவாகக் கேளுங்கள். தந்தால் அவர்கள் நல்ல மனசு.

கேள்வி: உணவகத்தில் நாங்கள் கேட்காமலே சிறு தட்டுகளும் பாட்டில் தண்ணீரும் வைத்தார்கள். எல்லாம் பில்லில் இருந்தது.

பதில்: தொடுவதற்கு முன் ‘இதற்குக் காசு உண்டா?’ என்று கேட்டிருக்க வேண்டும்.

கேள்வி: அம்மாவை முதன்முதலாக ஊர் சுற்றக் கூட்டிப்போனேன். படத்தில் விசாலமான, வெளிச்சமான அறை. நேரில் பெட்டியை வைத்தால் நடக்க இடமில்லை, ஜன்னலே இல்லை. கேட்டதற்கு ‘வேறு அறை காலி இல்லை’ என்றார்கள். அம்மா ‘பரவாயில்லைப்பா’ என்று சொன்னதுதான் தாங்கவில்லை.

பதில்: எனக்கும் தாங்கவில்லை. ‘நகர மையத்தில், ஜன்னலுடன்’ என்று நானும் ஒரு தடவை எடுத்தேன். திரையை விலக்கினால் கைக்கெட்டும் தூரத்தில் கீழ்த்தளச் சமையலறையின் புகைக்குழாய், எண்ணெய் வழிந்து பிசுபிசுவென்று. ராத்திரி பதினொன்று வரை தலையணையில் தாளிப்பு வாசனை. நகர மையமும் வரைபடத்தில் நேர்கோடு போட்டு அளந்த தூரம்தான். நடுவில் ஆறு ஓடியது, பாலம் எங்கேயோ இருந்தது.

அகன்ற லென்ஸில் எடுத்தால் அலமாரிகூட மண்டபமாகத் தெரியும். படத்தை விடுங்கள், சதுர அடியைப் பாருங்கள். தங்கிப்போனவர்கள் எடுத்துப் போட்ட படங்களைப் பாருங்கள். ஆனால் உங்கள் விஷயத்தில் தப்பு உங்களுடையதல்ல. அப்போதே வரவேற்பில் சொன்னது நல்லது. விளம்பரப் படத்தையும் நீங்கள் எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தளத்துக்கு எழுதி, ஒரு பகுதிப் பணத்தையாவது கேளுங்கள். மழுப்பினால், கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், ‘விவரித்தபடி இல்லை’ என்று வங்கியில் ஆட்சேபம் எழுப்பலாம். விடாதீர்கள்.

கேள்வி: அறைக்குள் நுழையும்போது கார்டைத் தேய்த்து முன்தொகை பிடித்தார்கள். ஊர் திரும்பி ஒரு வாரம் ஆகியும் வரவில்லை. ‘நாங்கள் எடுக்கவே இல்லை’ என்கிறது விடுதி.

பதில்: அவர்கள் சொல்வதும் நிஜமாக இருக்கலாம். பணம் அவர்களிடம் போகவில்லை. உங்கள் கணக்கில் முடக்கப்பட்டிருக்கிறது. விடுவித்துவிட்டோம் என்று விடுதியிடம் எழுத்தில் வாங்கி வங்கிக்கு அனுப்புங்கள். இனி இதற்கு டெபிட் கார்டைக் கொடுக்காதீர்கள். கிரெடிட் கார்டில் வரம்புதான் முடங்கும், டெபிட்டில் உங்கள் சொந்தக் காசு.

கேள்வி: வெளிநாட்டு உணவகத்தில் கார்டு இயந்திரம், ‘உங்கள் நாட்டுப் பணத்தில் கட்டலாமா?’ என்று கேட்டது. எதைத் தொட வேண்டும்?

பதில்: அந்த ஊர்ப் பணத்தை. நம் பணத்துக்கு மாற்றித் தருவதாகச் சொல்லும் கணக்கில் அவர்கள் லாபமும் சேர்ந்திருக்கும்.

கேள்வி: விமர்சனங்களை நம்பி ஒரு மணி நேரம் வரிசையில் நின்று சாப்பிட்டோம். சுமாராகத்தான் இருந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

பதில்: தட்டில் ஏதாவது மீதி இருந்ததா?