வாசகர் கேள்வி – பதில்: முப்பதாயிரம் ரூபாய் அம்பாசிடர்

கேள்வி: என் தாத்தா 1968-இல் கொல்லத்தில் பதிவு செய்த அம்பாசிடர் மார்க் 2 கார் எங்கள் வீட்டில் இருக்கிறது. கே.எல்.க்யூ. என்று தொடங்கும் பழைய எண்ணே இன்றும் அதில் உள்ளது. மூன்றரை லட்சம் ரூபாய் செலவழித்துப் பெட்ரோல் எஞ்சின் முதல் இருக்கை வரை பழைய நிலைக்கே கொண்டு வந்திருக்கிறேன். முழுக் காப்பீடு எடுக்க முயன்றால், இணையத்தில் காரின் மதிப்பை முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல் ஏற்ற முடியவில்லை. ஆர்.சி. 2019-லேயே காலாவதியாகிவிட்டது. சாரல் காலத்தில் காரைப் பாதுகாப்பதும் பெரும்பாடாக இருக்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், செங்கோட்டை

பதில்: நீங்கள் மதிப்பைப் பற்றிக் கேட்கிறீர்கள், ஆனால் முதலில் தீர்க்க வேண்டியது ஆர்.சி. பிரச்சினைதான். நிறுத்தி வைத்திருந்த இடத்தில் திருடு போன ஒரு வண்டிக்கு, தற்காலிகப் பதிவு காலாவதியாகியிருந்தது என்ற காரணத்தால் இழப்பீடு கிடையாது என்று 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது புது வண்டி பற்றிய வழக்குதான் என்றாலும், பதிவு இல்லாத வண்டிக்குக் கிளெய்ம் கேட்டுப் போகிறவரிடம் காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் முதலில் எடுத்து நீட்டப்போவது அந்தத் தீர்ப்பைத்தான்.

செங்கோட்டைக்காரர் வண்டியில் கொல்லத்து எண் இருப்பதில் வியப்பில்லை. 1956 நவம்பர் 1 வரை ஊரே திருவிதாங்கூர்-கொச்சியில்தான் இருந்தது, அதன் பிறகும் வியாபாரமும் உறவும் ஆரியங்காவு கணவாய்க்கு அந்தப் பக்கம் தொடர்ந்தன. ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவின்படி, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியைப் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் இன்னொரு மாநிலத்தில் வைத்திருந்தால் அங்கே புதுப் பதிவெண் பெற வேண்டும். அதற்குக் கொல்லத்திலிருந்து தடையில்லாச் சான்று வேண்டும். தாத்தாவின் பெயரில் இன்னும் ஆர்.சி. இருந்தால் வாரிசுச் சான்றோடு பெயர் மாற்றமும் வேண்டும்.

இன்னொரு வழி, 2021 ஜூலையில் அறிவிக்கப்பட்ட வின்டேஜ் வாகன விதிகள். முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டுகளைக் கடந்து, சேசிஸ், பாடி, எஞ்சின் மூன்றும் மாற்றப்படாமல் இருக்கும் சொந்த உபயோக வண்டிக்கு இந்தப் பதிவு கிடைக்கும். கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுகளுக்குச் செல்லும். அடுத்த முறை 5,000 ரூபாய். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம் என்பது உங்களுக்கு இனிக்கும். ஆனால் அப்படிப் பதிவான காரைக் கண்காட்சி, பழைய கார் பேரணி, பெட்ரோல் நிரப்புதல், பழுது பார்த்தல் போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம். ஞாயிறுதோறும் குடும்பத்தோடு குற்றாலத்துக்குப் போய்வர நினைத்தால் இது உங்களுக்கு ஆகாது. சாதாரணப் புதுப்பித்தலுக்கு, இருபது ஆண்டு கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாய் என்று கட்டணம் உயர்த்தப்பட்டு, அதுவும் ஐந்தாண்டுக்கு ஒரு முறை கட்ட வேண்டியிருப்பதால், முதல் பத்தாண்டுக் கணக்கில் இரண்டும் ஒன்றாகவே வருகின்றன. ஆகவே காசைப் பார்க்காமல், காரை எதற்கு ஓட்டப் போகிறீர்கள் என்பதைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இனி மதிப்பு. ஐ.டி.வி. என்று பாலிசியில் எழுதும் தொகைதான், கார் திருடு போனாலோ முற்றிலும் அழிந்தாலோ உங்களுக்குக் கிடைக்கும் தொகையின் உச்சவரம்பு. ஐந்தாண்டு வரையிலான கார்களுக்கே தேய்மான அட்டவணை உண்டு. அதைக் கடந்த வண்டிக்கு நிறுவனமும் உரிமையாளரும் பேசி ஒத்துக்கொள்ளும் தொகைதான் மதிப்பு. இணையதளத்துக்கு இந்தப் பேச்சுவார்த்தை தெரியாது. எனவே கிளை அலுவலகத்துக்கு நேரில் போய், வண்டிகளை மதிப்பிட உரிமம் பெற்ற காப்பீட்டு சர்வேயரின் மதிப்பீட்டு அறிக்கையையும், சீரமைப்புப் பில்களையும், சேசிஸ் எண், எஞ்சின் எண் தெரியும் புகைப்படங்களையும் கொடுத்து, ஒத்துக்கொண்ட தொகையைப் பாலிசியிலேயே அச்சடித்து வாங்குங்கள். கிளை மேலாளர் வாயால் சொன்ன வாக்குறுதி கிளெய்ம் நேரத்தில் உதவாது.

குறைந்த மதிப்பில் இன்னொரு ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. பழுதுச் செலவு ஐ.டி.வி.-யில் 75 விழுக்காட்டைத் தாண்டினால் காரை முழு நஷ்டமாகக் கணக்கிடுவார்கள். முப்பதாயிரம் ரூபாய் காரின் முன்பக்கம் இலேசாக நசுங்கினால் போதும். கிரில்லும் பானெட்டும் மாற்றுகிற செலவிலேயே அந்த வரம்பு வந்துவிடும். நான்கு லட்சம் என்று எழுதினால் சொந்தச் சேதப் பிரீமியம் ஏறத்தாழ மூன்றரை விழுக்காடு, அதாவது 14,000 ரூபாய் அளவில் தொடங்கும். பிறகு தள்ளுபடியைக் கேட்டுக் குறைக்கலாம். உங்கள் காரால் பிறருக்கு ஏற்படும் இழப்பை ஈடுசெய்யும் மூன்றாம் நபர் காப்பீட்டின் பிரீமியத்துக்கு, 2022 ஜூன் 1 முதல் நடைமுறையில் உள்ள அட்டவணைப்படி உங்கள் 1,489 சி.சி. காருக்கு 3,416 ரூபாய்; வின்டேஜாகப் பதிவு செய்திருந்தால் அதில் பாதி. பத்தாண்டு கடந்த காரின் உலோகப் பாகங்களுக்குப் பாதி விலையே கொடுப்பார்கள் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாரல் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பக்கத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கணவாய் வழியே வரும் ஈரமும், அக்டோபருக்குப் பிறகு வடகிழக்குப் பருவமழையும் மாறி மாறி வருவதால், கார் முழுமையாகக் காய்வதற்குத் தை முதல் வைகாசி வரைதான் காலம். தார்ப்பாயைப் போட்டு இழுத்துக் கட்டுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. உள்ளே அடைபட்ட ஈரம் வெளியேற வழியின்றித் தகட்டிலேயே தங்கிவிடும். காற்று புகும் பருத்தித் துணி உறையே போதும். தகரக் கூரையின் அடிப்பக்கத்தில் விடியற்காலையில் நீர் கோத்துச் சொட்டும், ஆதலால் ஓட்டுக் கூரையே நல்லது. தரை மண்ணாக இருந்தால் தடித்த பாலிதீன் விரித்து அதன்மேல் பலகை போடுங்கள். நாற்புறமும் அடைத்த ஷெட்டைவிட, பூட்டிய கம்பிக் கதவோடு காற்றோடும் ஷெட் சிறந்தது.

எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் ஈரத்தை இழுத்துப் பழைய டேங்கைத் துருப்பிடிக்க வைக்கும், ரப்பர் குழாய்களையும் அரிக்கும். இரண்டு மாதம் ஓட்டாமல் வைப்பதானால் டேங்கையும் கார்புரேட்டரையும் காலி செய்துவிடுங்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். கைப்பிரேக்கைப் போடாமல் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள், இல்லையென்றால் லைனிங் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது நல்லது என்று பலர் நம்புகிறார்கள். சைலன்சருக்குள் நீர் கோப்பதைத் தவிர அதனால் பலன் ஒன்றும் இல்லை. பதிவும் காப்பீடும் சரியான பிறகு, மாதம் ஒருமுறை இருபது நிமிடம் சாலையில் ஓட்டுங்கள்.

கேள்வி: என் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை, இயங்காமல் கிடக்கும் உறவினரின் அரிசி மில் கிடங்கில் வைத்திருக்கிறேன். மில்லுக்குத் தீக் காப்பீடு உள்ளது. அது காருக்கும் போதுமா?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: போதாது. அந்தக் காப்பீடு உறவினரின் கட்டடத்துக்கும் சரக்குக்கும் உரியது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி, ஒப்படைக்கப்பட்ட பொருளைச் சாதாரண விவேகம் உள்ளவர் தன் பொருளைக் காப்பது போலக் காத்தால் போதும். அப்படிக் காத்தும் தீப்பிடித்தால் உறவினர் உங்களுக்கு ஈடு கொடுக்க வேண்டியதில்லை. சொந்தக்காரர்தானே என்று இருந்துவிடாமல், காரை எந்தத் தேதியில், எந்த நிலையில், யாரிடம் ஒப்படைத்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்.

கார் ஓடவே போவதில்லை என்றால், மூன்றாம் நபர் பாலிசியோடு தீ, திருட்டு இரண்டை மட்டும் சேர்க்கும் பாலிசியைக் கேளுங்கள். வெள்ளமும் மரம் விழுவதும் அதில் சேரா. முழுக் காப்பீடு வைத்திருப்பவர்கள், குறைந்தது இரண்டு மாதம் தொடர்ந்து நிறுத்தி வைக்கும்போது அதை எழுத்தில் தெரிவித்துச் சலுகை கேட்கலாம். பாலிசியில் உள்ள முகவரியும் கார் நிற்கும் இடமும் வேறாக இருப்பதையும் தெரிவித்துவிடுங்கள். திருட்டுக் கிளெய்மில் இரண்டு சாவிகளையும் கேட்பார்கள். பழைய காருக்கு ஒன்றே மிஞ்சியிருக்கும் என்பதால், அதையும் இப்போதே எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

மில் நின்று போனாலும் தவிடு இருக்கும் வரை எலி இருக்கும். எலி கடித்த ஒயர் தீக்கு வழி. தவிட்டையும் சாக்கையும் முழுதாக அகற்றிய பிறகே காரை உள்ளே விடுங்கள்.

கேள்வி: எங்கள் 1970 அம்பாசிடருக்கு என் அப்பா டீசல் எஞ்சின் மாற்றினார். ஆர்.சி.யில் பெட்ரோல் என்றே உள்ளது. காப்பீடு செல்லுமா?
– வாசகர், களியக்காவிளை

பதில்: இந்த நிலையில் பெரிய கிளெய்ம் எதையும் நம்பாதீர்கள். எஞ்சின் மாற்றத்துக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி ஆர்.டி.ஓ. அனுமதி பெற்று ஆர்.சி.யில் பதிய வேண்டும். பதியாத எஞ்சினைக் கண்டதும் சர்வேயர் அறிக்கை உங்களுக்கு எதிராகத் திரும்பும். வின்டேஜ் பதிவும் இந்தக் காருக்குக் கிடைக்காது. அப்பா கழற்றிய பெட்ரோல் எஞ்சின் வீட்டுப் பின்புறத்திலோ மெக்கானிக்கிடமோ கிடக்கிறதா என்று தேடுங்கள். அதன் எண் ஆர்.சி.யோடு ஒத்துப்போனால், துருப்பிடித்திருந்தாலும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.